தலைப்பிள்ளை நடுக்கம்

கமலேஸ்வரி கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாள். முற்றம் கூட்டினாள். கணவன் பாக்கியரத்தினத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது வைத்தபடியே ஆறிக் கிடந்தது.

டிஸ்பென்சரி சோமசேகரம் வீட்டுக்கே வந்து பிறஷர் பார்த்தார்.

“நல்லா இறங்கிட்டுது. கிருமி ரத்தத்தில ஏறிட்டுது. கடைசியா எப்ப சலம் போனது?”

“நேத்து மத்தியானம்,” என்றாள் கமலேஸ்வரி.

“உடனே திருகோணமலை ஆசுபத்திரிக்குப் போங்கோ. ஊசியும் சேலைனும் வெள்ளண ஏறினால் தப்பலாம். பிந்தினால் கிட்னி ரெண்டும் போயிடும், மகள்.”

அவர் போனதும் அவள் அறைக்குள் போய்ச் சேலை மாற்றினாள். சாரத்தோடேயே ஊர் சுற்றுகிற பாக்கியரத்தினத்தை நீளக் காற்சட்டை போடவைத்தாள். வயிற்றைப் பிடித்தபடி படலையைத் திறந்தாள்.

மூதூர்த் துறையில் ஆமிக்காரன், முன்னால் நின்றவனின் காற்சட்டையைச் சுருட்டச் சொல்லிக் காயம் தேடிக்கொண்டிருந்தான். போன கிழமை புண்காலோடு வந்து, இயக்கக்காரன் என்று பிடிபட்ட ஒருவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

இவர்கள் முறை வந்தது. “ஐயோ அம்மா” என்று கமலேஸ்வரி குனிந்தாள்.

“எத்தனை மாதம்?”

“ஒம்பது,” என்றாள் அவள்.

“ஏழு,” என்றான் பாக்கியரத்தினம் அதே நேரத்தில்.

ஆமிக்காரன் சிரித்துவிட்டான். “அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது. போ, போ.”

லாஞ்சு ஓட்டும் ஸெய்னுதீன் கைகொடுத்து ஏற்றினார். “தங்கச்சி, நடுக்கடல்ல பெத்துடாதீங்க. லாஞ்சுக்குப் பேர் வைக்கப் பட்ட பாடே எனக்குப் போதும்.”

பாதி வழியில் அவர் பாக்கியரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். “பெறப்போறது அவங்க. நீங்க ஏன் தம்பி இப்பிடி நடுங்குறீங்க? தலைப்பிள்ளையா?”

“ஓம் காக்கா,” என்று கமலேஸ்வரியே பதில் சொன்னாள். “அவருக்குச் சரியான பயம்.”

கரை மெதுவாகத்தான் கிட்ட வந்தது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு துளி சலம் இல்லை. அவள் முனகுவதைக்கூட மறந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசுபத்திரி வாசலில் தாதி ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“எப்ப நோ தொடங்கினது?”

“முந்தநாள், மிஸ்ஸி. கெளுத்தி முள் குத்தினதிலயிருந்து.”

“வயித்திலயா குத்தினது?”

கமலேஸ்வரி சேலைக்குள் கைவிட்டுத் தலையணையை உருவினாள். அதைத் தட்டிச் சரிசெய்து ட்ரொலியின் தலைமாட்டில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, காற்சட்டையைச் சுருட்டிப்போட்டு ஏறிப் படுங்கோ.”