மூன்றாவது சுற்றுக் கேள்வி

நிதி ஆய்வாளர் வேலைக்கான நேர்காணலில், மூன்றாவது சுற்றுக்குச் சொந்த வீட்டுக் கணக்கைத்தான் கொடுப்பார்கள். வீட்டாருக்காகப் பரிந்து பேசினால் வேலை கிடைக்காது என்பது அங்கே வருபவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

திரையில் கணவன் கௌசிகனின் லேத் பட்டறைக் கணக்கு வந்தபோது மஞ்சரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இவருக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா மேடம்?" என்று கேட்டது திரைக்குரல்.

"நான் சொல்றது பேங்குக்குப் போகுமா?"

"உடனே போகும்."

கணக்கு சுமாராகத்தான் இருந்தது. அதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்னால் வந்த ஆறு பேரும் தங்கள் வீட்டுக் கணக்கைப் பற்றி அந்த அளவுக்குத்தான் சொல்லியிருப்பார்கள்.

"வேண்டாம். பாதி ஆர்டர் கொடுக்கற பம்ப் கம்பெனி தை மாசத்தோட விலகுது."

"இது எங்க கணக்கில் இல்லையே! அருமை."

போன வாரம் சாப்பிடும்போது கௌசிகன் அவளிடம் மட்டும் சொன்னது அது.

அவள் வீட்டுக்கு வந்ததும் கௌசிகன் அவள் வாயில் மைசூர்பாவை ஊட்டினான். வேலை கிடைத்த செய்தி அவனுக்கு முன்பே வந்திருந்தது.

"மத்தியானம் பேங்க்ல கடனை நிறுத்திட்டாங்க கண்ணு. பம்ப் கம்பெனி விஷயம் தெரிஞ்சிருக்கு. மாரப்பன்தான் ஒட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கணும். பன்னெண்டு வருஷமாப் பட்டறைல இருந்தவன். நாளைலருந்து வர வேண்டாம்னுட்டேன். சத்தியமா நான் இல்லீங்கண்ணான்னு அழுகறான்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாய் நிறைய மைசூர்பா இருந்தது வசதியாகப் போயிற்று.