அரை சென்ட் தப்பு

ஆனந்தராஜுக்கு அந்தக் கதையில் இருபத்தாறு வருஷமாகவே சந்தேகம்.

கதை இதுதான். முசரவாக்கத்தில் கோதண்டபாணியின் நிலத்தை அளந்த அன்று, சங்கிலி பிடித்த குப்புசாமி குடித்திருந்தார். சங்கிலி நழுவிவிட்டது. ஓரமாக அரை சென்ட் விட்டுப்போனது. ஐந்தடி அகலம், நாற்பத்து நாலடி நீளம். பட்டாவில் ஏறாத அந்தத் துண்டுக்கு ஒரு தனி எண் போட்டு, புறம்போக்கு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் சர்வேயர். கோதண்டபாணிக்குத் தெரியவந்தபோது வரைபடத்தில் மை காய்ந்திருந்தது.

இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, குப்புசாமியேதான். அவர் கோதண்டபாணிக்குப் பங்காளி. அன்றைக்குக் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டது என்று டீக்கடையில் தானே சொல்லிச் சிரிப்பார். ஊர் அவருக்குத் ‘தள்ளாட்டம்’ என்று பெயர் வைத்தது. அதற்குப் பிறகு பங்காளி வீட்டிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அவருக்கு வந்ததில்லை.

ஆனால் அவர் டீயைத் தவிர வேறெதையும் குடித்து ஆனந்தராஜ் பார்த்ததில்லை.

ஆனந்தராஜ் காலனிக்காரர், தச்சர். கதவு, தறி மரம், சவப்பெட்டி எல்லாம் செய்வார். காலனிப் பெட்டிகள் அந்த அரை சென்ட் வழியாகத்தான் கல்லறைக்குப் போகின்றன.

அதற்கு முன்னால் வழி கிடையாது. தன் நிலத்தில் பிணம் போகக்கூடாது என்று கோதண்டபாணி முள்வேலி போட்டிருந்தார். ஏரிக் கால்வாயில் இறங்கித்தான் போக வேண்டும். ஆனந்தராஜின் அப்பாவைத் தூக்கிப்போன அன்று இடுப்பளவு தண்ணீர். சேற்றில் கால் வழுக்கி, பெட்டி தண்ணீரில் விழுந்தது. அளவு வேலைக்காகக் கல் நட வந்த சர்வேயரும் சங்கிலி ஆளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு நடந்தது அடுத்த வாரம்.

இப்போது நிலம் கோதண்டபாணியின் மகன் பாலாஜி கையில். காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருப்பவர். மனை போடப்போகிறார். பக்கத்தில் பிணம் போகிற வழி இருந்தால் எவன் வாங்குவான்? பழைய அளவு தப்பு, திருத்தித் தர வேண்டும் என்று மனு போட்டுவிட்டார்.

மறு அளவுக்கு சர்வேயர் ரேவதி வந்தார். காலனியே திரண்டு நின்றது. வழியை எடுத்தால் அங்கேயே படுத்துவிடுவது என்ற முடிவோடு ஆனந்தராஜ் முன்னால் நின்றார்.

ரேவதி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்துனூண்டு துண்டை எந்த சர்வேயரும் சும்மா பிரிக்க மாட்டாங்க. மத்த ஊர்ல தேர் திரும்பறதுக்கு வெட்டியிருக்காங்க, கிணத்துக்குப் போறதுக்கு வெட்டியிருக்காங்க. இது எதுக்குன்னுதான் தெரியல.”

“தப்பும்மா, வேற என்ன?” என்றார் பாலாஜி.

அன்றைக்கு அளந்த சர்வேயர் உயிரோடில்லை. சங்கிலி பிடித்தவர் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாக ரேவதி சொன்னார்.

பாலாஜி தயாராக வைத்திருந்த தாளைக் குப்புசாமியிடம் நீட்டினார்.

“ஊருக்கே தெரிஞ்சதுதானே சித்தப்பா. போதையில அளந்தேன்னு ஒரு வரி. கையெழுத்து போடுங்க, என் பொண்ணு கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்.”

குப்புசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். குப்புசாமி தாளை நாலாக மடித்து, பாலாஜியின் சட்டைப்பையிலேயே வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லபா.”

“இத்தனை வருசமா நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?”

“போதையில இருந்தவனுக்கு எப்படிப்பா ஞாபகம் இருக்கும்? ஏம்மா, குடிகாரன் சாட்சி செல்லுமா?”

ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு வரைபடத்தைச் சுருட்டினார். சாட்சி இல்லாமல் பழைய அளவில் கை வைக்க முடியாது, அந்த எண் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பாலாஜி யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. ஆனந்தராஜ் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். இந்த முனையில் ஐந்தடி. நடுவில் ஐந்தடி. அந்த முனையிலும் ஐந்தடி.

குப்புசாமி டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். ஆனந்தராஜ் எட்டி நடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, நான் செய்யற பெட்டி ரெண்டடி அகலம். அந்தப் பக்கம் தூக்கறவன் நடக்க ஒன்றரை அடி, இந்தப் பக்கம் ஒன்றரை அடி. போதையில நழுவின சங்கிலி, எப்படிங்கய்யா ஒரு நூல்கூட பிசகாம அங்கயே வந்து நின்னுது?”