காலி வண்டி

"இந்த ஊர்ல சமதரையே கிடையாதா? இதுல குழந்தை வண்டி வேற!"

அவன் மூச்சு வாங்க நின்றான். விடுதி வாசலிலேயே ஏற்றம். திரும்பினால் இறக்கம். மறுபடி ஏற்றம். தெரு முழுக்கக் கல் பாவியிருந்தது. உச்சியில் இருக்கும் பூங்காவுக்கு எல்லோரும் சேர்ந்து போயே ஆக வேண்டும் என்பது மனைவியின் பிடிவாதம்.

குழந்தை அவன் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் வைத்தால் அந்த மகாராணி ஊரைக் கூட்டுவாள். அதனால் டயப்பர் பையும் தண்ணீர் பாட்டிலும் வண்டியில் சொகுசாகச் சவாரி செய்தன. தள்ளிக்கொண்டு வந்தவர் மாமனார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கொடுங்க மாமா, நான் தள்றேன்."

"ஸ்டியரிங்கை அடுத்தவங்ககிட்ட கொடுத்து எனக்குப் பழக்கமில்ல மாப்பிள்ளை."

"பஸ்ஸுல ஆளே இல்லையே மாமா!"

"லோடு இருக்குல்ல. ரைட், போலாம்!"

மனைவி சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி வாங்கிய அன்று கடையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டான். ஒரு கையால் தூக்கக்கூடிய வண்டிகள் வரிசையாக நின்றன. இவளோ மாவு பிசைகிறவள் மாதிரி ஒவ்வொரு கைப்பிடியையும் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே கனமானதைக் கை காட்டினாள். குழந்தை படுக்கப்போகும் மெத்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பாதி வழியில் ஒரு டீக்கடை. மாமனார் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தார். அதற்கு மேல் தெரு இன்னும் செங்குத்தாகப் போனது.

"போதும். வண்டி இங்கேயே இருக்கட்டும்," என்றான் அவன். "கடைக்காரர் பாத்துக்கறேங்கறார்."

மாமனார் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க காவலுக்கு இருக்கேன். பூங்காவை நான் பாக்கலேன்னு அது அழவா போகுது?"

மனைவியின் முகம் வாடியது. "அப்பா வரலேன்னா நானும் வரல."

"உங்கப்பாவை யாரு வேணாம்னா? காலி வண்டியைத்தானே வேணாங்கறேன்!"

"வண்டியும் வரணும். குழந்தைக்குத் திடீர்னு தேவைப்படும்." பிஸ்கட் வாங்கக் கடைக்குள் போய்விட்டாள்.

மாமனார் அவனை அருகில் அழைத்தார். குரல் தாழ்ந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. கொஞ்ச நாளா முழங்கால் சொல்பேச்சு கேக்கறதில்ல. இந்த வண்டியைப் பிடிச்சாத்தான் நடையே. என் கையில தடியைப் பாத்தா இவ உடைஞ்சு போயிடுவா. அவளுக்குத் தெரியவே கூடாது, என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் மனைவி வந்துவிட்டாள். பிஸ்கட்டை மெத்தையில் போட்டாள். கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு, அன்று கடையில் செய்தது போலவே, தன் முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்து ஊன்றிப் பார்த்தாள். வண்டி அசையவில்லை.

"இப்ப உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும்பா," என்றாள். "எடுங்க."

அவன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, மாமனாரைப் போலவே குரல் கொடுத்தான்.

"ரைட், போலாம்!"