ஒரு மீட்டர் இடைவெளி

மலேசியாவின் பெர்மாஸ் ஜெயா பள்ளியில் ரோபோட்டிக் கழகம் மறுபடி கூடியது. எஸ்.ஓ.பி. என்ற கோவிட் விதிமுறைப்படி மேசைக்கு ஒருவர், ஒரு மீட்டர் இடைவெளி. மேசை மேசையாக உருண்டுபோய், கையை நீட்டினால் மட்டும் சானிடைசர் தெளிக்கும் வண்டி ஒன்றை லோஷினியும் யுகேந்திரனும் சேர்ந்து செய்திருந்தார்கள். யுகேந்திரனைக் கோவிட் கொண்டுபோய்விட்டது. அவன் மேசையில் யாரும் உட்காரக் கூடாதென்று சுபத்திரா டீச்சர் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்.

வண்டி அந்த மேசையிலும் நின்றது. தெளித்தது.

“சென்சர் கெட்டுப்போச்சு. நிறுத்து, லோஷினி.”

“நல்லாத்தான் இருக்கு, டீச்சர். தொட்டுப் பாருங்க.”

டீச்சர் மேசையைத் தடவினார். ஈரமே இல்லை. கீழே தரையும் காய்ந்துதான் கிடந்தது.

“இந்த மேசைய ஸ்டோருக்குத் தள்ளிடலாம்” என்றார்.

லோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் டேப்பைப் பிய்த்து எறிந்தாள்.

“வர்றவங்க எல்லாரும் கை சுத்தம் பண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவன் பண்ணிட்டான் லா. மேசை இங்கதான் இருக்கும்.”

காலி நாற்காலிப் பக்கம் ஈரக் கைகள் இரண்டு பரபரவெனத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சுபத்திரா டீச்சர் எஸ்.ஓ.பி. படி அந்த நாற்காலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றார்.