கடைசிப் பக்கம்

இலவசம் என்று சொல்லித் தலையில் கட்டிய மாத இதழுக்கு இந்த வருடமும் கேட்காமலே கார்டிலிருந்து பணம் பிடித்துவிட்டார்கள். பாலகுரு போனில் கத்திக் கத்திச் சந்தாவை நிறுத்தினார். "நம்ம வீட்டுல அதை யாருமே பிரிக்கிறதில்லன்னு சொல்லிட்டேன்" என்றார் மனைவியிடம். "சரிங்க" என்றாள் செண்பகம்.

மறுநாள் பழைய பேப்பர்காரர் தராசில் வைத்த கட்டு சரிந்து, ஓர் இதழின் கடைசிப் பக்கம் விரிந்தது. குறுக்கெழுத்துக் கட்டங்களில் செண்பகத்தின் பென்சில் எழுத்து. பாலகுரு மற்ற இதழ்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் போன மாத விடைகளைச் சரிபார்த்து டிக் அடித்திருந்தாள். கடைசியாக வந்ததில் மட்டும் ஒரு வரிசை காலியாக இருந்தது.

"இதுல என்ன வரும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலங்க. அடுத்த புக்குலதான் போடுவாங்க" என்றாள்.