அடுத்த சத்தம்

சத்தம் நின்றதும் அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது.

கண்ணை இன்னும் திறக்கவில்லை.

பதினோரு நாளாக இந்த ஆஸ்பத்திரி அறையில்தான் குடித்தனம். கட்டிலில் அம்மா, விரலில் ஒரு கிளிப், தலைமாட்டில் மானிட்டர். அம்மாவின் இதயம் ஒருமுறை துடித்தால் அது ஒருமுறை ‘பீப்’ என்னும்.

முதல் இரண்டு நாள் அந்தச் சத்தம் பிராணனை வாங்கியது. பிறகு, ஆரஞ்சு உரித்தாலும், அக்காவிடம் போனில் மல்லுக்கு நின்றாலும், அவளுக்குள் ஏதோ ஒன்று அடுத்த பீப்புக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. தூக்கத்திலும் அதற்கு ஓய்வில்லை. பக்கத்து அறையில் ஒப்பாரி எழுந்த அன்றுகூட அவள் புரண்டு படுக்கவில்லை.

இப்போது அடுத்தது வரவில்லை.

அதற்கடுத்ததும் வரவில்லை.

நெஞ்சு ஒருமுறை திக்கென்றது.

பிறகு, பாவி மனசு, லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம். சொந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கலாம்.

“முடிஞ்சிருச்சா...”

வாய்விட்டே சொல்லிவிட்டாள். பெருமூச்சோடு வந்த சொல். அதில் அழுகை இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

மத்தியான வெயில். கட்டில் விளிம்பில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாளில் தானாக எழுந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

விரலில் கிளிப் இல்லை.

கிளிப் நழுவினாலே மானிட்டர் வீல் வீலென்று கத்தும். தூக்கம் கெடுகிறது, அந்த அலறலை மட்டும் நிறுத்திவையுங்கள் என்று ஏஞ்சலின் சிஸ்டரிடம் கெஞ்சியவள் இவள்தான்.

அம்மாவின் போர்வை இவள்மேல் கிடந்தது.

ஏசிக் குளிரில் மகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். கிளிப்பின் ஒயர் இவள் படுத்திருந்த பெஞ்சு வரைக்கும் எட்டாது.

இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏதாவது சொல்ல வேண்டும். கனவு கண்டேன் என்று சொல்லலாம்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெத்தையைத் தடவிக் கிளிப்பை எடுத்தாள். இரண்டு தரம் தவறி, மூன்றாவது தரம் மாட்டிக்கொண்டாள்.

“இன்னும் இல்லடி. நீ தூங்கு.”

பீப்.

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, தூங்குகிறவளைப் போலக் கிடந்தாள்.