முட்புதர்

அபர்தீன் கடற்கரையில் மூடுபனி விலகி, நனைந்த கருங்கல் கட்டடங்கள் வெயிலில் மினுங்குகின்றன. கோல்ஃப் பந்தைத் தேடி டூகல் நுழைந்த மஞ்சள் பூப்புதரில் தேங்காய் வாசம். முள்ளுக்கடியில் கிடக்கும் பந்தை அவருடைய பூட்ஸ் நுனி மெல்ல நகர்த்தி, நல்ல புல்லில் நிறுத்துகிறது. நடுவர் இல்லாத ஆட்டம் இது. தப்பை அவரவரேதான் சொல்ல வேண்டும். எதிர்த்து ஆடும் இன்னெஸ் அந்தப் பக்கம் திரும்பி மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிறார். மேலே கடல்சுவரோரம், ஊர் பார்க்க வந்தவர்களோடு நின்று, டூகலின் மனைவி எல்ஸ்பெத் தொலைநோக்கியில் டால்பின் தேடுகிறாள். டூகல் அடிக்கிறார். பந்து கடைசிக் குழிக்கு அருகில் போய் நிற்கிறது.

"போதும், எடுத்துக்கோ," என்கிறார் இன்னெஸ், குழியில் போடச் சொல்லாமலே. "ஒவ்வொரு கோடையும் உங்கிட்ட தோத்துட்டே இருக்கேன். இன்னைக்காவது ஜெயிச்சிருவேன்னு பார்த்தேன். முள்ளுக்குள்ள போன பந்து எப்படிடா வெளிய வந்துச்சு?"

"அதிர்ஷ்டம்."

"உனக்கு முள்ளுகூட வழி விடுதுடா." இன்னெஸ் தொப்பியைக் கழற்றிக் கை நீட்டுகிறார். அந்தக் கை சூடாக இருக்கிறது.

எல்ஸ்பெத் இறங்கி வருகிறாள்.

"டால்பின் வந்துச்சா?" என்கிறார் டூகல்.

"தெரியல. நீயே பாரு." தொலைநோக்கியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, இன்னெஸின் கையைக் கோத்துக்கொண்டு முன்னே நடக்கிறாள்.

டூகல் அதைக் கண்ணில் வைக்கிறார். கடல் மங்கலாகத் தெரிகிறது. அவள் திருகி வைத்த குவியச் சக்கரத்தைத் தொடாமல் மெதுவாகத் திடல் பக்கம் திரும்புகிறார். மஞ்சள் புதர் வருகிறது, ஒவ்வொரு முள்ளும் கூர்மையாக.